அலை தாண்டும் வரை

போன தை மாதம் எங்கள் குப்பத்தில் பன்னிரண்டு நாளுக்குள் மூன்று பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள். ஒரு கிழவர், எதிர்வீட்டுப் புதுப்பெண், என் சின்ன மாமியார். மூவரைப் பற்றியும் நாலு வார்த்தை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். ராயபுரத்தில் எட்டாவது வரை படித்துவிட்டுத் திருவொற்றியூருக்கு வடக்கே இந்தக் கடற்கரைக்குக் கல்யாணமாகி வந்தவள். நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. நான்தானா இதை எழுதவேண்டும் என்று மறுநாள் தோன்றுகிறது.

முதலில் போனவர் கிழவர். பல வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதுகு போனபிறகு குப்பத்துக்கே திரும்பி வந்து, கட்டுமரங்கள் காயவைக்கும் மணல்மேட்டில் ஒரு ஓலைப் பந்தலின் கீழ் இருந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. எந்த வீட்டில் குழம்பு கொதித்தாலும் அவருக்கு ஒரு கிண்ணம் போகும். எத்தனையோ தேசத்துக் கப்பல்காரர்களிடம் கேட்ட வசவுகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். ஆடு பந்தலைக் கடித்தால் ஒரு பாஷையில் திட்டுவார், நாய் வந்தால் வேறொரு பாஷையில். மனிதர்களை மட்டும் எந்தப் பாஷையிலும் திட்டியதில்லை. சீனக் கப்பல் கேப்டன் ஒருவன் தனக்குக் கைகொடுத்தான் என்று சொல்லிச் சொல்லி அந்த வலது கையை நீட்டிக் காட்டுவார். என் பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் வந்து பார்த்துவிட்டு, அதே கையால் அவன் உள்ளங்காலைத் தொட்டார். அவர் போனதும் நான் செய்த முதல் காரியம் பிள்ளையின் காலைச் சுடுநீரில் கழுவியது. தொட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அது தெரிந்தும் கழுவினேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. புதைத்து, மூன்றாம் நாள் பால் தெளிக்கும் வரை எல்லா மரமும் கரையில்தான். செத்தவர் யாராக இருந்தாலும் இதுதான். கிழவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை, அவருக்காகவும் மூன்று நாள் கரையில் கிடந்தன. மற்ற மாதமாக இருந்தால் இதை யாரும் பாரமாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை புயலும் மழையுமாக அந்த வருஷம் கடல் இறங்க விடவே இல்லை. ரேஷன் அரிசி வாங்கவும் கையில் ஒன்றும் இல்லாமல் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். தை பிறந்து கடல் அமர்ந்தது, மீன் கரையோரம் வந்தது. கிழவரும் அப்போதுதான் போனார்.

எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. என் கணவருக்குப் பெரம்பூர் ரயில் பட்டறையில் மாதச் சம்பளம். எங்கள் கூரையிலிருந்து புகை போவதை எல்லோரும் பார்ப்பார்களே என்று எனக்குக் கூசும். இருந்தும் யாரையும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேனா என்றால் இல்லை. பிள்ளை இருக்கிற வீடு, நோய் வந்துவிடும் என்ற பயம். வடித்ததைப் பானையோடு வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். எடுத்துப்போனவர்கள் யாரும் அதற்காக என்னிடம் முகம் சுளித்ததில்லை.

எதிர்வீட்டுப் பெண் பழவேற்காட்டுப் பக்கம். வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வயது இருக்கும். ரயில் சத்தம் கேட்டால் பயந்து காதைப் பொத்திக்கொண்டு, பயந்ததற்காகத் தானே சிரிப்பாள். என் பிள்ளையின்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. காலையில் தலை வாரியதும் நேரே வந்து, “புள்ளய குடுக்கா, ஒரு சுத்து சுத்திட்டு தரேன்” என்று இடுப்பில் வாங்கிக்கொள்வாள். மணலில் அவனை உட்காரவைத்து நண்டு வளைகளைக் காட்டுவாள். கிழவர் போன மறுநாளும் வந்தாள். பிள்ளை தூங்குகிறான் என்றேன். அவன் உள்ளே தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்கும் கேட்டது. சரிக்கா என்று சொல்லி, வாசலில் கிடந்த அவன் கிலுகிலுப்பையை ஒரு தரம் ஆட்டிவிட்டுப் போனாள். அதற்கடுத்த ஆறாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் தாய் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடையில் அவள் சீப்பும் கண்ணாடியும் அப்படியே இருந்தன.

மறுபடியும் மூன்று நாள். நடுவில் கிடைத்த நாலு நாளும் பாதி ஆட்கள் படுத்திருந்ததால் மரம் இறங்கவில்லை. சுகாதார ஆட்கள் வந்து கிணற்றில் மருந்து கரைத்தார்கள், தண்ணீர் ஊதா நிறமாயிற்று. எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். இனி யாராவது செத்தால் பொழுதுக்குள் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாகப் போனவள் என் சின்ன மாமியார். என் கணவரின் தாயோடு பிறந்தவள். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டதால், இருந்த ஒரு மாமியார் இவள்தான். நான் அத்தை என்று கூப்பிடுவேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். புருஷன் கடலில் போனபின் கூடை தூக்கித் திருவொற்றியூர்த் தெருக்களில் மீன் விற்று ஒரே மகனை வளர்த்தவள். அந்த மகன், என் கொழுந்தனார்தான் இப்போது எங்கள் குப்பத்தின் பெரிய வலைக்கு முதல் ஆள். அவர் வராமல் அந்த வலை இறங்காது.

அத்தைக்கு வாய் நீளம். நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால், “இன்னா மருமவளே, நல்ல மீனு எதுன்னு பேப்பர்ல போட்டுகீதா?” என்பாள். பிள்ளைக்குத் தண்ணீர் காய்ச்சுவதைப் பார்த்து, இப்படிக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தால் பிள்ளை உள்ளுக்குள்ளே வெந்துபோகும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கூறு கட்டி விற்கும்போது கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் கேட்காமலே ஒரு மீன் அதிகம் வைப்பாள். ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்வாள். மகனுக்குப் பெண் தேடி மூன்று குப்பம் அலைந்து, ஒவ்வொரு பெண்ணையும் ஒரு குறை சொல்லித் தள்ளினாள். ஒருத்தி நடந்தால் மணல் தெறிக்கிறதாம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பால் தெளித்த அன்று அத்தைக்கு நோய் கண்டது. யாருக்கும் சொல்லாதே என்று மகனிடம் சொல்லிவிட்டாள். வந்து எட்டிப் பார்த்த பெண்களிடம், கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை, இறங்கிவிட்டது என்றாள். அவரவர் வீட்டிலும் ஒருவர் படுத்திருந்ததால் யாரும் உட்கார்ந்து விசாரிக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மட்டும் எல்லாம் கேட்டது. கஞ்சியும் காய்ச்சிய தண்ணீரும் என் கணவர் கையில் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. எட்டு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை விடியத் தொடங்கும்போது சுவரை யாரோ தட்டினார்கள். அத்தைதான். குரல் தேய்ந்துபோயிருந்தது. பிள்ளை அவன் அப்பா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து போனேன்.

அவள் முகத்தை அடையாளம் தெரியவில்லை. கண்கள் குழிக்குள் போய், விரல்கள் தண்ணீரில் ஊறியவை போல் சுருங்கியிருந்தன. கொழுந்தனார் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே மணலில் ஆட்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளைக்குப் பிறகு அன்றுதான் கடலுக்குப் போகப்போகிறார்கள். அவரைக் கூப்பிட்டு இரண்டு தரம் ஆள் வந்துவிட்டது. அவர் தங்கினால் ஏன் என்று கேட்பார்கள், தாய் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தால் யாரும் போக மாட்டார்கள்.

தான் தேறிவிட்டதாகவும் கஞ்சி வயிற்றில் தங்கிவிட்டதாகவும் அத்தை மகனிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்து, “நீங்க படிச்சவங்க அண்ணி. நீங்க சொல்லுங்க, போவட்டா?” என்று கேட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போங்க தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். படித்தவள் சொன்ன சொல் என்று அவர் அதை எடுத்துக்கொண்டார். தாயின் பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வெளியே போனதும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். “நான் போனா இன்னும் மூணு நாளு மரம் கரையில கெடக்கும். கொயந்தைங்க தாங்காது. அல தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்காத. தாண்டிட்டா அப்பால எது நடந்தாலும் அந்த மீனுக்குத் தோஷமில்ல.”

அதுவும் இந்த ஊர் வழக்கம்தான். மரம் கரையலையைத் தாண்டியபிறகு விழுகிற சாவு அந்த மரத்தைக் கட்டாது. கரையில் இருக்கும்போதே சாவு விழுந்து, அதை மீறி இறங்கினால், கொண்டுவருகிற மீனை மீனவன் கையாலேயே கடலில் கொட்டிவிட வேண்டும். ஒரு தலைகூடக் கரைக்கு வரக் கூடாது.

சரி என்றேன். அவள் தண்ணீர் கேட்டாள். எடுக்கத் திரும்பினேன். காய்ச்சிய தண்ணீர்ப் பானையில் டம்ளரை முக்கித் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

வாசலில் ஓலைத் தட்டி பாதி திறந்திருந்தது. அதன் வழியே மணல் தெரிந்தது. மரங்கள் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. கொழுந்தனார் குனிந்து ஒரு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு குரல் கொடுத்தால் போதும், அவருக்குக் கேட்கும் தூரம். நான் தட்டியை மெதுவாக இழுத்துச் சாத்தினேன். தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. கண்ணை மூடிவிட்டேன். தாடையைக் கட்டவில்லை, கட்டினால் தெரிந்துவிடும். டம்ளர் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தட்டியின் இடுக்கில் பார்த்தபடி நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மரங்களைத் தள்ளினார்கள். ஒன்றை அலை புரட்டிக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்து நாளாக அந்த மணலில் யாரும் சிரித்திருக்கவில்லை. மறுபடி தள்ளினார்கள். எல்லா மரமும் அலையைத் தாண்டிப் பாய் விரித்த பிறகு, பகல் நன்றாகப் பரவிய பிறகு, தட்டியைத் திறந்து வெளியே வந்து அழுதேன். அது நடிப்பில்லை. அத்தனை நேரம் அடக்கிவைத்திருந்தது.

என் கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். பட்டறைக்கு அன்று போகவில்லை அவர். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அது இன்னும் என் கையில் இருந்தது எனக்கே தெரியாது.

அத்தையைக் குளிப்பாட்ட வந்த பக்கத்துத் தெருப் பெண் கையை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. இப்போதுதான் போனது என்கிறாயே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நாலு பிள்ளைகள். மறுபடி தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

மரங்கள் உச்சிப்பொழுதுக்குத் திரும்பிவிடும், மகன் வந்து வாய்க்கரிசி போடுவார், பிறகு எடுக்கலாம் என்பதுதான் என் கணக்கு. அவ்வளவு யோசித்தவள் காற்றை யோசிக்கவில்லை. குப்பத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் யோசித்திருப்பாள். பத்து மணிக்கெல்லாம் காற்று விழுந்துவிட்டது. ஒரு பாய்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மத்தியானம் சுகாதார ஆட்கள் சுண்ணாம்பு மூட்டையோடு வந்தார்கள். ஒரே மகன், கடலில் இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று நானே போய்க் கேட்டேன். நல்ல மனிதர்கள்தான், இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் முடியாது என்றார்கள். மகன் செய்யவேண்டியதை என் கணவர் செய்தார். வாய்க்கரிசியும் அவர் போட்டார், முதல் மண்ணும் அவர் தள்ளினார்.

பொழுது சாயும்போது மரங்கள் துடுப்பு வலித்து வந்து சேர்ந்தன. காற்றில்லாமல் அவ்வளவு தூரமும் கையாலேயே வலித்து வந்திருக்கிறார்கள். வலை நிறைய மீன். இந்த வருஷத்தில் யாரும் பார்த்திராத மீன். கரையில் நின்ற ஜனம் வாய் பேசாமல் நின்றதிலேயே கொழுந்தனாருக்குத் தெரிந்துவிட்டது. என் கணவர் தண்ணீரில் இறங்கிப் போய்ச் சொன்னார். கொழுந்தனார் மரத்தைப் பிடித்துக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

மீனை யாரும் தொடவில்லை. ஊர்ப் பெரியவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். சாவு எப்போது விழுந்தது, மரம் இறங்கும் முன்பா பின்பா? கூட இருந்தது நான் ஒருத்திதான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குளிப்பாட்டிய பெண் தன் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் என்னை நேராகக் கேட்கத் தயங்கினார். கொழுந்தனார்தான் கேட்டார்.

“அண்ணி, நான் மரத்த எறக்கும்போது அம்மாவுக்கு உசுரு இருந்துச்சா?”

இருந்தது என்று சொன்னால் இத்தனை வயிறும் நிறையும். ஆனால் உயிரோடு கிடந்த தாயை விட்டுப் போனவராக அவர் ஆவார். இல்லை என்று சொன்னால் மீன் கடலுக்குப் போகும், அத்தை கேட்டது வீணாகும். ஆனால் அவர் விட்டுப்போக அங்கே தாய் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் அப்போது யோசித்தேனா, பிறகு யோசித்ததை அங்கே கொண்டுபோய் வைக்கிறேனா என்று இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

“இருந்துது தம்பி,” என்றேன். “நீங்க அலை தாண்டிப் பாய் விரிக்கிற வரைக்கும் இருந்துது.”

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்ததையே மறுபடி பிழிந்தார்.

அன்று எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எழுந்தது. எங்கள் வாசலிலும் ஒரு பங்கு கொண்டுவந்து வைத்தார்கள். நான் சமைத்தேன், எனக்கு இறங்கவில்லை. அதற்கப்புறம் யாருக்கும் நோய் காணவில்லை. அடுத்த மூன்று நாள் மரங்கள் கரையில் கிடந்தன, பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. அத்தை நினைத்தது நடந்தது என்று எனக்கு நானே பலதரம் சொல்லிக்கொள்கிறேன்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துக் கொழுந்தனார் வந்து உட்கார்ந்தார். தான் போனபிறகு அம்மா என்ன செய்தது என்று கேட்டார். ஒரு பொய் சொன்னவள் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் கேட்டாள் என்றேன், அது நிஜம். குடித்தாள் என்றேன். இன்னொரு நாள் வந்து, வலியால் கஷ்டப்பட்டதா என்று கேட்டார். இல்லை, தட்டியைத் திறக்கச் சொன்னாள், தலையைத் தூக்கிப் பிடித்தேன், உங்கள் பாயைப் பார்த்தாள் என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்து நானும் தைரியமானேன். இப்படியே அத்தைக்கு இல்லாத ஒரு அரைமணி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் உண்டாக்கிவிட்டேன். குப்பத்துப் பெண்கள் அதைத் தங்கள் வாயால் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். மகன் பாய் விரிக்கிறதைப் பார்த்தபடியே போனாள், புண்ணியவதி என்கிறார்கள்.

ஆவணியில் கொழுந்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை தள்ளிவிட்ட பெண்களில் ஒருத்திதான். தாம்பூலம் வைத்து எங்களைக் கூப்பிட வந்தவர், கூப்பிட்டு முடித்தும் போகாமல் உட்கார்ந்திருந்தார். என் பிள்ளை அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றான். அவன் தலையைத் தடவிக்கொண்டே, “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு கீறேன்” என்று ஆரம்பித்தார். அம்மா அங்கே தலையைத் தூக்கித் தன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்ததே, தான் கரைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லையே என்றார். மரம் ஒன்று புரண்டது, எல்லோரும் சிரித்தார்கள், தானும் சிரித்ததாகச் சொன்னார். “அது சாவுது, நான் சிரிச்சிகினு கீறேன் அண்ணி.”

அவர் சிரித்தபோது அத்தை போய்விட்டிருந்தாள். அதைச் சொன்னால் அவர் மனசு ஆறும். அதைச் சொன்னால் அந்த மீனும் ஊர்ப் பெரியவரும் குளிப்பாட்டிய பெண்ணும் எல்லாம் மறுபடி எழும். படிப்பு எனக்கு இதில் ஒன்றும் உதவவில்லை. என் கணவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“திரும்பிப் பாத்தீங்க தம்பி,” என்றேன். “பாய் விரிச்சதும் ஒரு தரம் திரும்பிப் பாத்தீங்க. அத்தையும் பாத்தாங்க.”

அவர் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் பார்த்திருப்பேன், பார்க்காமல் எப்படிப் போவேன் என்று மெதுவாகச் சொன்னார். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கூப்பிடப் போனார். என் கணவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டார்.